நான்காவது மூலை

டாக்வுட் ஃபோர்க், கென்டக்கி
பிப்ரவரி 12, 2018

அன்புத் தங்கை வெர்னா,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

இதை எழுதுவது நான். உன் அண்ணன் டெல்பர்ட். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. என் கை, என் பென்சில். இந்தப் பக்கத்தை முடிக்க மூன்று நாள் ஆகும். ஆகட்டும்.

உன் அண்ணி ஓபல் கண்ணை மூடிய பிறகு அவள் பாதியில் விட்ட போர்வையை நான் முடித்தது உனக்குத் தெரியும். அதன் பிறகு கை சும்மா இருக்க மறுத்துவிட்டது. மூன்று வருடமாக துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் எங்கள் ஊர் ஒட்டுப்போர்வைச் சங்கத்தில் இருக்கிறேன். வியாழக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். பதினெட்டுப் பெண்கள், ஒரே ஆண் நான். போர்வைக்கு மாதம் ஒரு கட்டம் தைக்க அச்சடித்த தாள் தருவார்கள். நான் தாளை வாங்கிக்கொண்டு "கண்ணாடிய மறந்துட்டேன்" என்பேன். பக்கத்தில் இருப்பவள் படித்துக் காட்டுவாள். அளவை ஒரு தடவை கேட்டால் போதும். மரம் அறுக்கும் மில்லில் நாற்பது வருடம் பலகை அறுத்த கை இது.

போன செப்டம்பரில் பக்கத்தில் யாரும் இல்லை. படத்தை மட்டும் பார்த்து வெட்டினேன். பறக்கும் வாத்துக் கட்டம்; ஒவ்வொரு முக்கோணத் துண்டும் ஒரு வாத்து. எல்லா வாத்தும் ஒரே திசையில் பறக்க வேண்டும். என் பன்னிரண்டு வாத்தும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. எல்லோரும் போன பிறகு சங்கத் தலைவி நெட்டி ஸ்டர்ஜில் என்னைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். குரலும் பேருந்து ஹாரன் மாதிரிதான்.

"பெரியவரே, தாள்ல தெளிவாத்தானே போட்டிருக்கு?"

"கண்ணாடிய மறந்துட்டேன் நெட்டி."

"கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அவள் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. "செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வாங்க. பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லித் தர்றேன். வரலைன்னா இந்த வாத்தையெல்லாம் கண்காட்சில தொங்க விட்ருவேன்" என்றாள்.

போனேன். ஐந்து மாதம் ஆயிற்று. இதோ கடிதம்.

தொலைபேசியில் கூப்பிடாதே. எழுபத்தாறு வயதில் முதல் முதலாக நானே படிக்க எனக்கு ஒரு தபால் வர வேண்டும். அச்சு எழுத்தாக எழுது. சேர்த்து எழுதுவதைப் படிக்க எனக்கு இன்னும் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
டெல்பர்ட்


டேட்டன், ஓஹையோ
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் பனிக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உறையில் இருந்த எழுத்தைப் பார்த்து ஏதோ பள்ளிக்கூடத்துக் குழந்தை நன்றிக் கடிதம் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே உன் பெயர். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கத்தான் மகள் ரோண்டா வர வேண்டியிருந்தது. "என்னம்மா, யாரு செத்தா?" என்று கேட்டாள். "யாரும் சாகலடி, உங்க மாமா கடுதாசி போட்டிருக்காரு" என்றேன். அவள் அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

ஓடையில் தண்ணீர் ஏறின நாட்களில் நீ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவாய். அங்கிருந்து நீ மில்லுக்குப் போவாய். உனக்குப் பதினொரு வயது. அது நினைவுக்கு வந்தது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

இங்கே பனி. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

அடிக்கடி எழுது.
உன் தங்கை வெர்னா


டாக்வுட் ஃபோர்க்
மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தை ஒன்பது தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள்தான் இருக்கின்றன. இது ஒரு அதிசயம் இல்லையா? பேச்சு என்றால் காற்றோடு போய்விடும். இது போகவே மாட்டேன் என்கிறது.

ஊரே என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது வெர்னா. மில்லுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் பலகை உண்டு. முப்பது வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஏதோ அரசாங்கத்துக் காரியம் என்று நினைத்தேன். போன வாரம் வண்டியை ஓரமாக நிறுத்திப் படித்தேன். பனிக்காலத்தில் சாலை உறைவதற்கு முன்பே பாலம் உறைந்துவிடும், பார்த்துப் போ என்கிறது. முப்பது வருடமாக யாரோ என் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டு அங்கே நின்றிருக்கிறார்கள்.

சங்கத்தில் இந்த வருடம் ஒரு விளையாட்டு. ஒவ்வொருவரும் பாதியில் விட்ட போர்வைகளைப் பட்டியல் எழுதி எண் போட வேண்டும். மாதா மாதம் நெட்டி ஒரு எண்ணைக் குலுக்கி எடுப்பாள். அந்த எண்ணில் இருப்பதை அந்த மாதமே முடிக்க வேண்டும். என் பட்டியலில் பதினொன்று. டோரீனின் பட்டியலில் நாற்பத்து மூன்று. "இது பட்டியல் இல்ல டோரீன், பாவமன்னிப்பு" என்றாள் நெட்டி. ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கும் நான்கு சின்னப் போர்வை முடித்துக் கொடுத்தேன்.

அக்டோபரில் கண்காட்சி. தைத்தவர் தன் கையாலேயே பெயர், ஊர், வருடம், யாருக்காகத் தைத்தது என்று ஒரு துணியில் எழுதிப் போர்வையின் பின்னால் தைக்க வேண்டும். அது சங்கத்து விதி. மூன்று வருடமாக அந்த விதிக்குப் பயந்தே நான் எதையும் கண்காட்சிக்குக் கொடுக்கவில்லை.

நாளை முதல் நெட்டி கூட்டெழுத்துச் சொல்லித் தருகிறாள். கையை எடுக்காமல் சேர்த்துச் சேர்த்து எழுதுவது. ஓபல் அப்படித்தான் எழுதுவாளாம்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
டெல்பர்ட்


டாக்வுட் ஃபோர்க்
ஏப்ரல் 9

வெர்னா,

நலம், நலம். உன் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். பொறுக்க முடியவில்லை.

கூட்டெழுத்தில் என் பெயரை எழுதிக் காட்டினாள் நெட்டி. முதல் எழுத்து பெரிய வயிறு வைத்து, வால் சுழித்து நிற்கிறது. அதிலிருந்து மற்ற எழுத்துகள் கொடி மாதிரி ஓடுகின்றன. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து படுக்கையைத் தட்டிப் போடும்போது இடது தலையணை உறை கையில் இருந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஓபல் தையல் ஓட்டியிருந்தாள். கொடி என்று நினைத்து இத்தனை வருடம் அதன் மேல்தான் தலை வைத்தேன்.

அது கொடி இல்லை வெர்னா. அது என் பெயர்.

உடனே வலது தலையணையை எடுத்தேன். அதில் ஓபல் என்று அவள் பெயர். ஒரு தலையணையில் "டெல்பர்ட்," என்று இருக்கிறது. இன்னொன்றில் "ஓபல்". நான் இப்போது எழுதும் கடிதத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தொடக்கத்தில் ஒரு பெயர், கடைசியில் ஒரு பெயர். நடுவில் இருப்பதுதான் கடிதம்.

நடு எங்கே என்று உனக்குத் தெரியும். அந்த உறைகளோடு சேர்த்து 1987இல் அவள் தைத்த பெரிய போர்வை. நடுவில் நட்சத்திரங்கள், சுற்றி அகலமான வெள்ளைக் கரை, நான்கு மூலையிலும் சிவப்புத் துலிப் பூ. கரை முழுக்க அதே வெள்ளைக் கொடி சுற்றி ஓடும். அவளை அடக்கம் செய்த அன்று, பார்க்க முடியவில்லை எடுத்துக்கொண்டு போ என்று உன் வண்டியில் நான்தான் வைத்தேன்.

இருபத்தைந்து வருடம் அதற்குள் தூங்கியிருக்கிறேன்.

அதை அனுப்பு. நீயே படித்துச் சொல்லிவிடாதே. ஒரு வார்த்தை கூடச் சொல்லாதே. எத்தனை நாள் ஆனாலும் நானே படிப்பேன்.

உன் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.
டெல்பர்ட்


டேட்டன்
மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தாமதமாகிவிட்டது. நீ நலமா?

இங்கே தேவாலயத்தில் மீன் விருந்து முடிந்தது. இருநூறு பேர். நான் கோஸ் நறுக்கியே கை ஓய்ந்தேன். ரோண்டாவின் வீட்டுக் கூரை ஒழுகி மாற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புது நாய் வாங்கியிருக்கிறார். அது என்னைக் கண்டால் மட்டும் குரைக்கிறது. தக்காளி நாற்று வைக்க இன்னும் குளிர் விடவில்லை.

நீ கூட்டெழுத்து கற்றது எனக்கு ரொம்பச் சந்தோஷம். நெட்டியை நான் கேட்டதாகச் சொல்.

போர்வையை எங்கே வைத்தேன் என்று தேடிப் பார்க்க வேண்டும்.

உடம்பைக் கவனி.
வெர்னா


டாக்வுட் ஃபோர்க்
மே 7

அன்புத் தங்கைக்கு,

நலம். நாயைப் பற்றி எழுதியதைச் சங்கத்தில் உரக்கப் படித்தேன். டோரீன் சிரித்தாள். நான் படித்து ஒருவர் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

போர்வையைத் தேடு. மாடியில் தேவதாரு மரப்பெட்டியில் பார்த்தாயா? தபால்காரப் பெண் வரும் நேரத்துக்கு முன்பே நான் தபால் பெட்டியருகே நின்றுவிடுகிறேன். "உங்களுக்கு மின்சார பில் மட்டும்தான் தாத்தா" என்கிறாள். "அதையும் குடும்மா, அதுலயும் எழுத்து இருக்கே" என்கிறேன்.

இந்த மாதம் குலுக்கலில் என் ஏழாம் எண் வந்தது. முட்டிக்கொண்ட அந்தப் பன்னிரண்டு வாத்துகள். பிரித்துத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். நெட்டி பிரிக்கவிடவில்லை. "நீங்க படிக்க வந்ததுக்கு இதுதான் சாட்சி. அப்படியே நடுவுல வெச்சுத் தைங்க" என்றாள். அப்படியே வைத்திருக்கிறேன். சுற்றி அகலமாக வெள்ளைக் கரை. கரையில் என்ன தையல் ஓட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஓபல் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

நீ தேடிக் களைத்துவிட்டால் சொல். பேருந்து பிடித்து நானே வந்து தேடுகிறேன். பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் இப்போது எனக்குத் தெரியும்.

டெல்பர்ட்


டேட்டன்
ஜூன் 11

அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். பேருந்து பிடிக்காதே. தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

போர்வையை நான் வெட்டிவிட்டேன்.

நடுவில் நீங்கள் படுத்த இடம் எல்லாம் நைந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. அப்படிப்பட்ட பழைய போர்வையைக் கரடி பொம்மையாகத் தைப்பது உனக்குத் தெரியும். எங்கள் தேவாலயத்தில் எல்லோரும் செய்கிறார்கள். 2014 கிறிஸ்துமஸுக்குச் செய்தேன். ஓபலின் ஒரு துண்டு எல்லோர் வீட்டிலும் இருக்கட்டும் என்று நினைத்தேன். நையாமல் இருந்தது கரை மட்டும்தான். ஆகவே கரையைத்தான் வெட்டினேன். ஐந்து கரடி. எல்லாம் பேரக்குழந்தைகளிடம் இருக்கின்றன.

ஏப்ரலில் உன் கடிதம் வந்ததிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

என்மேல் கோபம் என்றால் கோபத்தையாவது எழுது. எழுதாமல் இருக்காதே.

வெர்னா


டாக்வுட் ஃபோர்க்
ஜூலை 2

வெர்னா,

உயிரோடு இருக்கிறேன். முழங்கால் எப்படி?

உன் கடிதத்தைப் பத்து நாள் பாலத்துப் பலகைக்குக் கீழே வண்டியை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஏனோ அங்கே படித்தால் ஆறுதலாக இருந்தது. ஒன்பது தடவை படித்தால் ஒன்பது தடவையும் அதே வார்த்தை இருக்கும் என்று முன்பு சந்தோஷப்பட்டேன் இல்லையா? இப்போது அது அவ்வளவு நன்றாக இல்லை.

வியாழக்கிழமை சங்கத்தில் சொன்னேன். யாரும் தைக்கவில்லை. ஊசி எல்லாம் அப்படியே நின்றது. டோரீன்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கரடிங்க உசுரோட இருக்கா?"

"இருக்கு. குழந்தைங்க கிட்ட."

"அப்புறம் என்ன? கடுதாசி அஞ்சு உறையில இருக்கு, அவ்வளவுதான். வரவழைங்க."

அந்த இடத்தில் எனக்கு மறுபடி மூச்சு வந்தது. ஐந்தையும் அனுப்பச் சொல். எதையும் பிரிக்க மாட்டேன் என்று குழந்தைகளுக்கு என் பெயரால் வாக்குக் கொடு. திரும்பி வரும்போது ஒவ்வொரு கரடிக்கும் ஒரு சின்னப் போர்வை போர்த்தி அனுப்புவேன்.

உன்மேல் கோபம் உண்டு. தேய்ந்துகொண்டிருக்கிறது. பென்சில் மாதிரி.

டெல்பர்ட்


டாக்வுட் ஃபோர்க்
ஆகஸ்ட் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். ஐந்து கரடியும் வந்து சேர்ந்தன. ஒன்றின் காதில் ஜாம் ஒட்டியிருக்கிறது. அன்புள்ள கரடிதான் போல.

சங்கத்து நீள மேசையில் வரிசையாக உட்கார வைத்தோம். பத்தொன்பது பேரும் சுற்றி நின்றோம். விளக்கைத் தாழ்த்திச் சாய்வாகப் பிடித்தாள் நெட்டி. வெள்ளையில் வெள்ளைத் தையல் நிழல் விழுந்து எழுந்து நின்றது. அதுவரை கலகலவென்று இருந்த கூடம் தேவாலயம் போல் ஆகிவிட்டது. எல்லோரும் படிக்கத் தெரிந்தவர்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நான் படிக்கக் காத்திருந்தார்கள்.

முதல் கரடியின் வயிற்றில்: "இது கொடி இல்லை. எழுத்து."

அடுத்தது இரண்டு கைகளிலும் முதுகிலுமாக ஓடியது: "இதை நீயே படிக்கிறாய் என்றால்."

மூன்றாவது: "யாரோ உனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்."

நான்காவதில் ஒரு வார்த்தையின் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. தையலுக்கென்று கால் அங்குலம் உள்ளே போகும் அல்லவா, அதுதான். தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள் டோரீன். "குழந்தைங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றேன். கரடியின் கக்கத்தில் விரலை விட்டுத் துணிக்கு மேலேயே தடவிப் பார்த்தேன். உள்ளே மடிந்த தையல் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தேன். "என் சார்பில் அவருக்கு ஒரு போர்வை தைத்துக் கொடு." போர்வை என்ற வார்த்தை சரியாகக் கரடி உட்காரும் இடத்தில் வருகிறது. ஓபல் இருந்திருந்தால் சிரித்துப் புரண்டிருப்பாள்.

நெட்டி விளக்கை டோரீனிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்து, "என்ன கலர்ல தர்றதா உத்தேசம்? எனக்கு ஊதா புடிக்காது" என்றாள். கண் எல்லாம் சிவந்திருந்தது.

ஐந்தாவது கரடியில்: "நான் ஏன் சொல்லித் தரவில்லை என்றால்."

அதோடு சரி. துணி முடிந்துவிட்டது.

வெர்னா, நான் பலகை அறுத்தவன். அளவு எடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு கரடியையும் நாடா வைத்து அளந்தேன். கரையில் ஒரு பக்கம் முழுசாகக் குறைகிறது. அது போகட்டும், வீணாகிப்போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் துலிப் பூவை எண்ணினேன். ஒரு கரடியின் நெற்றியில் ஒன்று, இன்னொன்றின் மார்பில் ஒன்று, ஜாம் கரடியின் பாதத்தில் ஒன்று. மூன்று மூலை.

மூன்று மூலை உள்ள போர்வையை ஓபல் தைத்ததில்லை.

நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. உன் முழங்காலையும் இந்தத் தடவை கேட்கவில்லை.

அண்ணன்


டேட்டன்
செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். ஆறாவது கரடி அதில் இருக்கிறது. மற்றவற்றை விடப் பெரியது. நான்கு வருடமாக என் அலமாரியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

நான் படித்திருக்கிறேன். முதல் குளிர்காலத்திலேயே படித்துவிட்டேன். காய்ச்சலில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. ஒரு பக்கம் முடிய, போர்வையைத் திருப்பித் திருப்பிச் சுற்றி முழுவதையும் படித்தேன்.

இதை உனக்குப் படித்துக் காட்ட உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று தோன்றியது. அந்தக் கடைசிப் பக்கத்தை என் வாயால் உனக்குச் சொல்ல முடியாது என்றும் தோன்றியது. வெட்டிவிட்டால் யாரும் சொல்ல வேண்டியதில்லை. நைந்துபோனது உண்மைதான். ஆனால் நைந்ததால் நான் வெட்டவில்லை.

ஓபலைக் காப்பாற்ற அல்ல அண்ணா. அவள் தான் செய்ததைத் தைத்துவைத்துவிட்டாள். நான் செய்யாமல் விட்டதை எங்கேயும் எழுதவில்லை. உன் தோளில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவள் நான். எட்டு வருடம் தினமும் சாயந்திரம் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தேன். மரத்தூள் ஒட்டிய கையோடு நீ எதிரில் உட்கார்ந்து நான் படிப்பதைக் கேட்பாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்தில் உட்கார வைத்து ஒரு எழுத்து சொல்லித் தந்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. ஓபலின் வார்த்தைகளைப் படித்த அன்றுதான் தோன்றியது. அதை என் கண்ணுக்கு எட்டாமல் வைக்கத்தான் கத்தரியை எடுத்தேன்.

இனி நீ படி. நான் அருகில் இல்லாதது நல்லது.

உன் வெர்னா


டாக்வுட் ஃபோர்க்
அக்டோபர் 22

அன்புத் தங்கை வெர்னா,

நான் நலம். உன் முழங்கால் எப்படி? இனி எப்போதும் கேட்பேன்.

ஆறாவது கரடியைச் சங்கத்துக்கு எடுத்துப் போகவில்லை. பகலில், சமையலறை மேசையில், எதிரே உட்கார வைத்துப் படித்தேன். அன்று சோளரொட்டி அடுப்பில் தீய்ந்ததுகூடத் தெரியவில்லை.

"நீ ஒரு தடவை கேட்டாய். குளிர்காலம் வரட்டும் என்றேன். உனக்குப் படித்துக் காட்ட எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நீயே படித்துவிட்டால் என் பக்கத்தில் வந்து உட்கார மாட்டாயோ என்று பயந்தேன்."

அவ்வளவுதான். அப்புறம் வலது தலையணை. ஓபல்.

ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறைக்க மாட்டேன். 1974இல் மில்லில் மேஸ்திரி வேலை எனக்கு வர வேண்டியது. ஆர்டர் சீட்டுப் படிக்கத் தெரியாததால் எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போயிற்று. அதை நினைத்துக்கொண்டு கொல்லையில் விறகு பிளந்தேன். மூன்று குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு ஆகிவிட்டது.

சாயந்திரம் கையைக் கழுவும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. அவள் செய்தித்தாள் படிப்பாள். நான் அவள் பக்கத்தில், தோள் உரச உட்கார்ந்திருப்பேன். மருந்துச் சீட்டு, விதை விற்பவன் தரும் புத்தகம், உன் கடிதங்கள், எதுவாக இருந்தாலும் உட்கார்ந்துவிடுவேன். பகலில் மனைவி பக்கத்தில் சும்மா உட்காருகிற ஆண் எங்கள் மில்லில் எவனும் கிடையாது. எனக்கு மட்டும் காரணம் இருந்தது. இன்னொரு தடவை சொல்லித் தா என்று கேட்க எனக்கு எத்தனை குளிர்காலம் இருந்தது வெர்னா! நானும்தான் கேட்கவில்லை.

நீயும் அழுதுகொண்டிருக்காதே. நீ சாப்பாட்டு மேசையில் படித்துத்தான் எனக்கு நைல் நதி தெரியும், வியாழன் கிரகம் தெரியும். மில்லில் அதை எல்லாம் நான் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். நீ எழுத்தைத் தரவில்லை. எழுத்துக்குள் இருந்ததைத் தந்தாய்.

கண்காட்சி போன சனிக்கிழமை. உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் நூற்று நாற்பது போர்வைகள். உத்தரத்திலிருந்து கட்டித் தொங்க விட்டிருந்தார்கள். நடுவில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை கொடிகளில் என்னென்ன எழுதியிருக்குமோ என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

என் வாத்துப் போர்வையும் தொங்கியது. பரிசு இல்லை. வாத்துகள் முட்டிக்கொள்வதாக நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். முழுக்குறிப்பையும் நானே படித்தேன். ஆனால் கரையைப் பார்க்கத்தான் கூட்டம். கரடிகளின் மேல் மெல்லிய தாளை வைத்து ஓபலின் எழுத்தை அப்படியே படி எடுத்தேன். அவள் கையெழுத்திலேயே, வெள்ளையில் வெள்ளையாக, கரையைச் சுற்றி மறுபடி தைத்தேன். நான்கு பக்கம், நான்கு துலிப். அதற்கு உள்வரிசையில் என் கையெழுத்து. கோணலாகத்தான் இருக்கிறது. பின்னால் பெயர்த்துணியும் உண்டு: டெல்பர்ட் காடில், டாக்வுட் ஃபோர்க், 2018, ஓபலுக்காக.

ஓபல் சொன்னபடி நெட்டிக்கு ஒரு போர்வை வெட்டி வைத்திருக்கிறேன். என் பட்டியலில் அதுதான் பன்னிரண்டாம் எண். ஊதா இல்லை. குழந்தைகளின் ஐந்து கரடியும் போர்வை போர்த்தி போன வாரமே தபாலில் போய்விட்டன. உன் கரடி இங்கேதான் இருக்கிறது. அடுத்த மாதம் நன்றித் திருநாளுக்கு நீ வந்து வாங்கிக்கொள். மறுபடி சுவரைப் பார்க்க வைக்காதே. வரும்போது கத்தரியை டேட்டனிலேயே விட்டுவிட்டு வா.

வாத்துப் போர்வை இப்போது இரண்டு தலையணைக்கும் நடுவில் விரித்துக் கிடக்கிறது. உள்வரிசையில் நான் தைத்தது என்ன என்று கேட்பாய். வந்து நீயே படி என்று சொல்லலாம். ஆனால் ஒரு தடவை உனக்கு நான் படித்துக் காட்ட ஆசையாக இருக்கிறது. கேள்:

"ஓபல், படித்துவிட்டேன். நான் ஏன் மறுபடி கேட்கவில்லை தெரியுமா? உன் பக்கத்தில் உட்கார எனக்கும் வேறு சாக்கு இல்லை."

உன் அண்ணன்
டெல்பர்ட்